பவுடர் டப்பாவோடு வரும் மெக்கானிக்: என் ஆம்னியின் ஒழுகல் நின்ற பட்டறை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பட்டறைக்குப் போர்டு கிடையாது. பெயர் கேட்டால் மெக்கானிக் அண்ணனும் சிரிக்கிறார், அதனால் நானும் போடவில்லை. கோயம்புத்தூரில் கணபதியிலிருந்து சங்கனூர் போகிற பக்கம் ஒரு தகர ஷெட், வாசலில் வேப்பமரம், மரத்தடியில் எப்போதும் இரண்டு மாருதி ஆம்னி வேனும் ஒரு பழைய மாருதி 800 காரும் நிற்கும். விசாரித்துப் போகிறவர்கள் போய்விடுவார்கள். நான் எழுதுவது வழி சொல்வதற்கு இல்லை. ஒழுகுகிற என்ஜினை ஒருவர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று அங்கே உட்கார்ந்து இரண்டு நாள் பார்த்தேன், அதற்கு முன்னால் வேறு இடத்தில் எப்படிப் பார்க்கக் கூடாது என்பதையும் காசு கொடுத்துப் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த ரிவ்யூவுக்கு அர்த்தம்.

வண்டி 2009 மாடல் ஆம்னி. 796 சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். நமக்கு இட்லி மாவு வியாபாரம், விடிகாலை நாலரைக்கு வண்டி கிளம்பி ஏழு மணிக்குள் கடைகளுக்கெல்லாம் மாவு இறக்கியாக வேண்டும். ஆம்னி தயாரிப்பை 2019-லேயே நிறுத்திவிட்டார்கள். இருந்தாலும் இவ்வளவு சரக்கை ஏற்றிக்கொண்டு இவ்வளவு சின்ன சந்தில் திரும்புகிற வண்டி இந்த விலையில் இன்னொன்று இல்லை என்பதால் விற்க மனசு வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் ஓடிய என்ஜினில் ரப்பரும் சீலும் போகத்தான் செய்யும், அதற்குக் கம்பெனியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொல்லை இரண்டு. நிறுத்துகிற இடத்தில் ராத்திரிக்கு ராத்திரி உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்த் திட்டு. கூடவே மூன்று நாளைக்கு ஒரு முறை ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) காலி. அவிநாசி ரோடு சிக்னலில் நின்றால் கருகிய வாடை வரும், சூடு காட்டுகிற மீட்டரின் ஊசி பாதியைத் தாண்டி மேலே ஏறப் பார்க்கும்.

முதலில் போனது கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின் எல்லாம் வைத்த ஓர் இடம். வண்டியை லிஃப்டில் ஏற்றினார்கள், கீழே எண்ணெய் வழிந்திருந்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினார்கள், "ஆயில் சேம்பர் கேஸ்கெட் போயிடுச்சு சார்" என்றார்கள், அதாவது என்ஜினுக்கு அடியில் எண்ணெய் நிற்கிற தொட்டியின் ஓரத்து அடைப்பு. 2,400 ரூபாய். ஒரு வாரம் தரை சுத்தமாக இருந்தது, எட்டாம் நாள் அதே இடத்தில் அதே திட்டு. திரும்பப் போனால் இந்த முறை ரேடியேட்டரையும் எட்டிப் பார்த்துவிட்டு, தண்ணியும் குறைகிறது, ஆயிலும் ஒழுகுகிறது, அப்படியானால் ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு), என்ஜினை இறக்கணும், 18,000 ஆகும் என்று எஸ்டிமேட் கையில் கொடுத்தார்கள். ஒரு சோதனையும் செய்யவில்லை. இரண்டு ஒழுகலை ஒரே காரணத்தில் முடிச்சுப் போட்டது மட்டும்தான் அவர்கள் செய்தது.

நடுவில் நானும் சும்மா இருக்கவில்லை, அந்தக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் ஒழுகலை அடைக்கும் பவுடர் ஒன்று வாங்கி ரேடியேட்டரில் ஊற்றினேன், நாலு நாள் நின்றது, ஐந்தாம் நாள் வழக்கம்போல். எங்கள் மாமா லாரி ஓட்டிய காலத்து ஆள், "மஞ்சத்தூள் ஒரு கை போடுடா, அடைச்சுக்கும்" என்றார். அதையும் போட்டேன். சமையலறையிலிருந்து டப்பாவைத் தூக்கியதற்கு வீட்டில் வாங்கிய திட்டு தனி.

பட்டறை அண்ணனிடம் இந்த மஞ்சள் விஷயத்தைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "நடு ரோட்டுல நின்னுட்டா ஊர் வந்து சேர்றதுக்கு அது சரிங்க தம்பி. ஆனா ஓட்டை எது, ரேடியேட்டர்ல இருக்கற மெல்லிய குழாய் எதுன்னு மஞ்சளுக்குத் தெரியுமா? ரெண்டையும்தான் அடைக்கும்" என்றார். பிறகு ரேடியேட்டரைக் கழுவும்போது வந்த குழம்பைப் பார்த்தபின் எனக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் வேலை செய்கிற விதம் இப்படி. வண்டியைக் கொண்டுபோனதும் கீழே குனியவே இல்லை. முன் சீட் இரண்டையும் தூக்கினார் (ஆம்னியில் என்ஜின் முன் சீட்டுகளுக்கு அடியில்தான், வெயில் காலத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியதில்லை), மேலிருந்து பார்க்க ஆரம்பித்தார். "எண்ணெய்க்கு மேல ஏறத் தெரியாதுங்க. நனைஞ்ச இடத்துல மேல எது இருக்கோ அங்கதான் தொடக்கம். அதோட ஓடற வண்டில காத்து வேற பின்னாடி இழுத்துட்டுப் போகும், அதனால நனைஞ்ச இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியும் தேடணும்." கேட்கும்போது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் கண்ணாடிக் கதவுக்காரர்கள் சொட்டு விழுகிற இடத்தையே ஒழுகுகிற இடம் என்று எடுத்துக்கொண்டுதானே 2,400 வாங்கினார்கள்.

அழுக்கை முதலில் நிதானமாகப் படித்தார். டேப்பட் கவரை, அதாவது என்ஜினின் மேல்மூடியைச் சுற்றி கறுப்பு மண் அப்பியிருந்தது, அங்கிருந்து கோடு கோடாகக் கீழே இறங்கியிருந்தது. அதன் பிறகு டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவி, கம்ப்ரஸர் காற்றால் உலர்த்தி, டேஷ்போர்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்த ஒரு டப்பாவை எடுத்தார். முகத்துக்குப் போடுகிற பவுடர்! என்ஜின் முழுக்கத் தூவினார். ஸ்டார்ட் செய்து இருபது நிமிஷம் ஓடவிட்டார். வெள்ளையில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடிபோல நனைந்து தெரிகிறது, எங்கே பிறந்து எப்படி இறங்குகிறது என்று வரைபடம் போட்டதுபோல. ஆயிலில் சாயம் கலந்து ஊதா விளக்கில் பார்க்கிற முறையும் உண்டு, ரொம்ப மெதுவாகக் கசிகிற ஒழுகலுக்கு அதுதான் நல்லது என்று அவரே சொன்னார், ஆனால் என் வண்டிக்கு முப்பது ரூபாய் பவுடரே போதுமாக இருந்தது.

தெரிந்தது இரண்டு இடம். டேப்பட் கவர் கேஸ்கெட் ஒன்று, ரப்பர் வெந்து பிளாஸ்டிக்காகவே ஆகியிருந்தது, கையில் எடுத்தபோது அப்பளம் மாதிரி ஒடிந்தது. இன்னொன்று முன்பக்கம் டைமிங் பெல்ட் கவருக்குள்ளேயிருந்து. கவரைக் கழற்றினால் கேம் ஆயில் சீல் கசிந்து பெல்ட்டே எண்ணெயில் ஊறியிருந்தது. எண்ணெயில் ஊறிய பெல்ட் உப்பி, பல் பிய்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் அறும். விடிகாலை நாலரைக்கு மாவோடு நடுரோட்டில் நின்றிருப்பேன்.

சரி, சீலை மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். அவர் அங்கே நிறுத்தவில்லை, இந்தப் பட்டறைக்கு நான் ஐந்து ஸ்டார் கொடுப்பது இதற்காகத்தான். "ரெண்டு இடத்துல ஒரே நேரத்துல ஏன் தள்ளுது?" என்று தானே கேட்டுக்கொண்டு, என்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, வாயின் மேல் ஒரு துண்டு பேப்பரை வைத்தார். லேசாக உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டிய பேப்பர் படபடவென்று மேலே தூக்கியடித்தது. பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் காற்று எந்த என்ஜினிலும் கீழே இறங்கத்தான் செய்யும், அது பிரீதர் குழாய் வழியாக இன்டேக் பக்கம் இழுக்கப்பட்டு எரிந்துபோக வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் காற்றுக்குப் போக வழியில்லை, உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீல் இளைத்திருக்கிறதோ அதன் வழியாக எண்ணெயைத் தள்ளும். என் வண்டியில் குழாய்க்குள் கரி பிசினாகக் கட்டியிருந்தது. அதைச் சுத்தம் செய்யாமல் புது சீல் போட்டிருந்தால் ஆறு மாதத்தில் அதுவும் கசிந்திருக்கும், நானும் டூப்ளிகேட் பார்ட்ஸ் போட்டுவிட்டார்கள் என்று யாரையாவது திட்டியிருப்பேன்.

அடுத்தது கூலன்ட். இதற்கு என்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறந்து கை வெந்த ஆட்களைப் பற்றி ஒரு கதையும் சொன்னார், அது வேண்டாம். ரேடியேட்டர் வாயில் மாட்டுகிற கைப்பம்பு ஒன்று வைத்திருக்கிறார், மீட்டரோடு. மூடியின் மேலேயே எவ்வளவு அழுத்தம் என்று எழுதியிருக்கும், சின்ன கார்களில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார். அந்த அளவுக்கு அடித்துவிட்டு டீ குடிக்கப் போனோம். இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்த விஷயம், மூடி வெறும் மூடி இல்லை. 0.9 அழுத்தத்தில் அடைத்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது, மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்துவிட்டால் 100-லேயே கொதித்து ரிசர்வ் டப்பா வழியாக வெளியே போய்விடும். எங்கேயும் ஓட்டை இல்லாமலே தண்ணி குறைகிற வண்டிகளில் பாதி மூடிக் கோளாறுதான் என்பது அவர் கணக்கு. என் மூடியையும் தனியாகச் சோதித்தார், நல்லவேளை தேறியது.

டீ குடித்துவிட்டு வந்தபோது முள் இறங்கியிருந்தது. ஒரு சொட்டு வாட்டர் பாடியிலிருந்து (கூலன்ட்டைச் சுற்றவைக்கிற பம்பைத்தான் அப்படிச் சொல்கிறோம்). அதன் கீழே ஒரு சின்னத் துளை இருக்கும், உள்ளே இருக்கும் சீல் போனால் தண்ணி பேரிங்குக்குள் போகாமல் வெளியே வந்து நமக்குச் சொல்லட்டும் என்றே வைத்தது. சில பேர் அந்தத் துளையில் எம்-சீல் வைத்து அடைத்துவிடுவார்களாம், அப்புறம் தண்ணி பேரிங்கைத் தின்று வாட்டர் பாடியே இறுகிப் போகும். என் வண்டியில் துளையைச் சுற்றிக் காய்ந்துபோன பச்சை உப்பு. மாதக்கணக்காக அங்கே கசிந்திருக்கிறது, சூட்டில் உடனே காய்ந்துவிடுவதால் தரையில் சொட்டே இல்லை. இரண்டாவது இடம் ஆம்னிக்கே உரியது. ரேடியேட்டர் முன்னால், என்ஜின் சீட்டுக்கடியில், இடையில் வண்டிக்கு அடியில் நீளமாகக் குழாய் ஓடுகிறது. அதில் கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் துரு தின்று ஊசி முனை அளவு ஓட்டை. அழுத்தம் ஏற்றினால் மட்டும் மெல்லிய பீச்சு, அழுத்தம் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை. ஓடும்போது மட்டும் ஒழுகிய ரகசியம் அதுதான்.

ஹெட் கேஸ்கெட்? அதையும் விடவில்லை. 18,000 எஸ்டிமேட்டைக் காட்டியிருந்தேன், அதைப் படித்துவிட்டு மடித்து என் பாக்கெட்டிலேயே வைத்துவிட்டார். ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தார், தொடர்ந்து குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஸ்டார்ட் செய்த ஒரு நிமிஷத்துக்குள், இன்னும் சூடே ஏறாதபோது, மேல் ஹோஸ் கல்லாக இறுகுகிறதா என்று மூடியைப் போட்டு அழுத்திப் பார்த்தார். பிறகு ரேடியேட்டர் வாயில் ஒரு கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி அதன் வழியாக ஆவியை இழுத்தார், எரிந்த புகை கூலன்ட்டுக்குள் வந்தால் நீலம் மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது. ஆயில் மூடிக்கடியில் கொஞ்சம் மோர் நிறத்தில் பசை இருந்ததைக் காட்டிப் பயந்தேன், டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார், எண்ணெய் தெளிவாக இருந்தது. மூடியில் மட்டும் வெள்ளைப் பசை இருந்தால் அது பெரும்பாலும் குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில் ஆவி படிந்தது, டிப்ஸ்டிக்கிலும் பாயசம் மாதிரி வந்தால்தான் ஹெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும் என்றார். நான் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு கடை என்று நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிறவன்.

ஆயில் சேம்பரையும் கழற்றியே ஆக வேண்டும் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது, அங்கேதான் ஒழுகலே இல்லையே. கண்ணாடிக் கதவுக்காரர்கள் கேஸ்கெட் வேலையில் விட்ட சிலிக்கான் பசை வெளிப்பக்கம் பிதுங்கி நிற்பதைக் காட்டினார், "வெளிய இவ்ளோ வந்திருந்தா உள்ளயும் இவ்ளோ வந்திருக்கும்ங்க." கழற்றினார். ஆயில் உறிஞ்சுகிற வலையில் இடியாப்பம் பிழிந்தது மாதிரி பசை நூல் நூலாகச் சிக்கியிருந்தது. வலை அடைத்தால் ஆயில் மேலே ஏறாது, பேரிங் போகும், அப்போது நிஜமாகவே என்ஜினை இறக்க வேண்டியிருக்கும். நம்மூரில் எந்தக் கம்பெனிப் பசையாக இருந்தாலும் அனபாண்ட் என்றுதான் சொல்கிறோம், பசைமேல் தப்பில்லை, தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி தாராளமாக விட்டவர்மேல்தான் தப்பு. இவர் பழைய பசையை மரத்துண்டால் சுரண்டி, தின்னரால் துடைத்து, பென்சில் கோடு தடிமனுக்கு ஒரே வரி, போல்ட் துளைகளுக்கு உள்பக்கமாகச் சுற்றி இழுத்தார். டேப்பட் கவருக்குப் பசையே இல்லை, புது ரப்பர் மட்டும், போல்ட்டைக் கையளவு இறுக்கத்தோடு நிறுத்திவிட்டார். ஒழுகக் கூடாது என்று முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் கவர் வளைந்து அதிலேயே ஒழுகுமாம்.

எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். எல்லாம் மாட்டியாயிற்று, மாலை ஐந்து மணி, ஆயில் ஊற்றிக் கொடுத்துவிட்டால் காலை லைனுக்குப் போய்விடலாம். மாட்டேன் என்றுவிட்டார். பசை இறுக ஒரு ராத்திரி வேண்டும். "ங்கண்ணா, நாளைக்கு மாவு போகணும்ங்கண்ணா" என்று கெஞ்சியும் பலனில்லை. மறுநாள் ஆட்டோ பிடித்து மாவு இறக்கினேன், 900 ரூபாய் தனிச் செலவு. முன்னாடியே சொல்லியிருந்தால் ஏற்பாடு செய்திருப்பேன், அதைச் சொல்லாததற்கு அரை ஸ்டார் குறைக்கிறேன், அதாவது முதலில் சொன்ன ஐந்து நாலரையாகிறது.

மறுநாள் கூலன்ட் ஊற்றினார். ரேடியேட்டரைப் பலமுறை கழுவி, என் மஞ்சளும் பவுடரும் போய்த் தண்ணீர் தெளிந்தபின், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப் பாதி. நான் இத்தனை நாள் வீட்டு போர் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். அந்த உப்பு உள்ளே பாறையாகப் படியும், துருவும் பிடிக்கும். "சிறுவாணித் தண்ணியா இருந்தாலும் குடிங்க, ஊத்தாதீங்க" என்றார். நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்காதீர்கள் என்றும் சொன்னார், பச்சை, சிவப்பு எல்லாம் கம்பெனி போடுகிற சாயம், டப்பாவில் எழுதியிருப்பதைத்தான் பார்க்க வேண்டும், இரண்டு வகையைக் கலக்கவும் கூடாது. நீளக் குழாய் என்பதால் ஆம்னியில் காற்று மாட்டிக்கொள்ளும், முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஊற்றி ஊற்றி நிரப்பினார். பழைய கூலன்ட்டைச் சாக்கடையில் விடாமல் கேனில் பிடித்துவைத்ததைப் பார்த்தேன். அது இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும், அவர் பட்டறையிலேயே இரண்டு நாய் படுத்திருக்கிறது.

பில் என்று அச்சடித்த காகிதம் எதுவும் கிடையாது. சிகரெட் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பார்ட்ஸ் 3,350 (வாட்டர் பாடி, டைமிங் பெல்ட், சீல், கேஸ்கெட், குழாய், கிளிப் எல்லாம் சேர்த்து), ஆயிலும் ஃபில்டரும் கூலன்ட்டும் 1,750, லேபர் 2,500. மொத்தம் 7,600. கழற்றிய பழைய பார்ட்ஸ் எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு சீட்டுக்குப் பின்னால் வைத்திருந்தார், கேட்காமலே. ஜிஎஸ்டி பில் வேண்டும் என்கிறவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது.

குறைகளும் உண்டு. உட்கார ஒரு டயர்தான், மழை வந்தால் அதுவும் இல்லை. டிரைவர் பக்கக் கதவில் கறுப்பாக ஒரு ஐந்து விரல் தடம், துடைத்துத் தரவில்லை. இடது சீட்டின் கொக்கி சரியாக மாட்டாமல் இரண்டு நாள் கடகடத்தது, நானே மாட்டிக்கொண்டேன். முதல் வாரம் கூலன்ட் அரை விரற்கடை இறங்கியதும் பதறிப்போய் ஓடினேன், மீதிக் காற்று வெளியேறியிருக்கிறது, அவ்வளவுதான் என்று நிரப்பிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஆனால் இப்படி ஆகும் என்று வாய் திறந்து முன்பே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆள் என்ஜினோடுதான் நன்றாகப் பேசுகிறார்.

ஒழுகல் நூற்றுக்கு நூறு நின்றதா என்றால் இல்லை. என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தில் லேசான ஈரம் இருக்கிறது. அது கிராங்கின் பின்பக்க சீலிலிருந்து வருகிற என்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று விரலில் தொட்டு மோந்து பார்த்து (கியர் ஆயிலுக்கு ஒரு கந்தக நாற்றம் உண்டு, ஒரு முறை மோந்தால் மறக்காது) என்ஜின் ஆயில்தான் என்று சொன்னார். அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், சீல் விலை சொற்பம், கூலிதான் அதிகம். சொட்டாக விழாத வரை கிளட்ச் மாற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அவரே தள்ளிப்போட்டார். நாலு மாதமாக வண்டிக்கடியில் பழைய அட்டை ஒன்றைப் போட்டுச் சக்கர இடத்தைச் சாக்பீஸில் குறித்து வைக்கிறேன், அவர் சொல்லிக் கொடுத்ததுதான், சொட்டு விழுந்தால் எந்த இடத்துக்கு நேர் கீழே என்று தெரிந்துவிடும். இதுவரை அட்டையில் இருப்பது எங்கள் வீட்டுப் பூனையின் கால் தடம் மட்டும்.

போகிறவர்கள் காலை ஏழரைக்குள் போய்விடுங்கள், ஃபோன் எடுக்க மாட்டார், ஞாயிறு லீவு. இரண்டு நாள் வண்டி இல்லாமல் சமாளிக்க ஏற்பாடு செய்துகொண்டு போங்கள். முக்கியமாக, மரியாதை என்று நினைத்து என்ஜினைக் கழுவிக்கொண்டு போகாதீர்கள். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் வாட்டர் வாஷ் அடித்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார். அண்ணன் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அழுக்கு சேர்த்துட்டு ஒரு வாரம் கழிச்சு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.